ஆக்சிஜன் சென்சார் பழுதா? லேப்டாப்பிடம் கேளுங்கள்!

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன என்று கேட்டால், போன மாதம் வாங்கியதைக் காட்டி ஒன்று என்பீர்கள். வாசலில் கார் நிற்கிறதா? அப்படியானால் இரண்டு. காரில் இருப்பதற்கு மானிட்டரும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. அதன் பெயர் ஈ.சி.யூ. என்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், ஸ்பார்க் எந்த நொடியில் விழ வேண்டும் என்பதை ஓயாமல் கணக்கிட்டுக் கொண்டிருப்பது இதன் வேலை. உங்கள் லேப்டாப்பை இதனுடன் இணைத்துப் பேச வைக்கலாம். அதற்குத் தேவையான அடாப்டர், ஒரு நல்ல மவுஸ் வாங்கும் செலவில் கிடைத்துவிடும்.

இந்த விஷயம் எனக்குத் தெரிய வந்ததற்குக் காரணம் என் சித்தப்பா. அவருடைய 2014 மாடல் பெட்ரோல் காரில் ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். பி0171 என்று ஒரு கோடு வந்தது. "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், வயசாயிடுச்சு" என்று சொல்லிப் புதியதை மாட்டி, ஐயாயிரத்துச் சொச்சம் பில் போட்டு அனுப்பினார்கள். நான்காம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. சித்தப்பா எனக்குப் போன் செய்தார். "நீ கம்ப்யூட்டர் இன்ஜினியர்தானே, இதையும் கொஞ்சம் பாரேன்" என்றார். சாப்ட்வேர் எழுதுகிறவனிடம் பிரிண்டர் முதல் மிக்ஸி வரை பார்க்கச் சொல்வது நம் ஊர் வழக்கம்தானே!

அந்தச் சென்சார் குற்றவாளியா, நிரபராதியா என்பதைக் கண்டுபிடித்த விதத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். முதலில் சென்சார் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சாம்பாருக்கு உப்பு பார்க்கும் நாக்கு

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் புகை, வீண் செலவு. குறைந்தால் என்ஜின் திணறும். இந்த அளவு சரியாக இருக்கிறதா என்பதை எரிந்து முடிந்த புகையை வைத்துத்தான் ஈ.சி.யூ. தெரிந்து கொள்கிறது. புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் பெட்ரோல் போதவில்லை. மிச்சமே இல்லை என்றால் பெட்ரோல் அதிகம். சாம்பார் கொதிக்கும்போது ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்து உப்பு பார்ப்பது போலத்தான்.

அந்த நாக்குதான் ஆக்சிஜன் சென்சார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் லேம்டா சென்சார் என்றும் கேட்கலாம். பாஷ் நிறுவனம் தயாரித்த இந்தச் சென்சார் 1976-ல் முதன்முதலாக வோல்வோ கார்களில் வந்தது. உள்ளே சிர்கோனியம் டை ஆக்சைடு என்ற பீங்கான் விரல் ஒன்று இருக்கிறது. அதன் இரு பக்கமும் பிளாட்டினம் பூச்சு. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறு பக்கம் புகை. இரண்டுக்கும் ஆக்சிஜன் அளவில் வித்தியாசம் இருந்தால் சென்சார் ஒரு குட்டி பேட்டரி போல வோல்டேஜ் கொடுக்கும். பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் வரை ஏறும். குறைந்தால் 0.1 வரை இறங்கும். 0.45 நடுக்கோடு. இந்த வேலையைச் செய்ய அது 300 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். அதனால் உள்ளேயே ஒரு ஹீட்டரும் வைத்திருக்கிறார்கள்.

வோல்டேஜ் ஏறினால் ஈ.சி.யூ. பெட்ரோலைக் குறைக்கும். இறங்கினால் கூட்டும். ஆகவே நல்ல நிலையில் உள்ள சென்சாரின் வோல்டேஜ் ஒரே இடத்தில் நிற்காது. மேலும் கீழும் துள்ளிக் கொண்டே இருக்கும். இந்தத் துள்ளலை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நாம் லேப்டாப்பில் தேடப் போவது அதைத்தான்.

வயதாக ஆக இந்த நாக்கு மரத்துப் போகிறது. என்ஜின் ஆயில் எரிந்த சாம்பல், புகைக்கரி, கேஸ்கட்டுக்குப் பூசும் சிலிக்கான் பேஸ்ட்டின் ஆவி, உள்ளே கசியும் கூலன்ட் எல்லாம் நுனியில் படிந்து அடைக்கின்றன. ஒருகாலத்தில் பெட்ரோலில் இருந்த ஈயமும் இதற்கு விஷமாக இருந்தது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுவிட்டது. ஹீட்டர் உள்ள சென்சார் பொதுவாக ஒன்றரை லட்சம் கி.மீ. வரை தாங்கும் என்பார்கள். ஆனால் பல்ப் பியூஸ் ஆவது போல அது ஒரே நாளில் சாகாது. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் மந்தமாகும். ஈ.சி.யூ. தன் வரம்பைத் தாண்டும் வரை பொறுத்துக் கொண்டு விளக்கை எரிய விடாது. அதுவரை நீங்கள் பெட்ரோலுக்குக் கூடுதலாகக் கொடுத்துக் கொண்டே இருப்பீர்கள். நீண்ட நாள் அதிகப் பெட்ரோலில் ஓடினால் பின்னால் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும். அதன் விலையோடு ஒப்பிட்டால் சென்சார் விலை சில்லறை!

இணைப்பது எப்படி?

ஸ்டியரிங்குக்குக் கீழே, உங்கள் முழங்காலுக்கு மேலே குனிந்து பாருங்கள். 16 பின்கள் கொண்ட, பழைய பிரிண்டர் போர்ட்டைப் போன்ற ஒரு சாக்கெட் இருக்கும். இதுதான் ஓ.பி.டி. போர்ட். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தே உண்டு. இந்தியாவில் 2010-ல் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய காராக இருந்தால் சாக்கெட் இருந்தும் பேசாமல் போகலாம். இன்னொன்று, இந்தக் கட்டுரை பெட்ரோல் கார்களுக்கு மட்டும்தான்.

கடைகளிலும் ஆன்லைனிலும் எல்ம் 327 என்று கேட்டால் அடாப்டர் கொடுப்பார்கள். இந்தச் சிப்பை உருவாக்கிய கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. இன்று குறைந்த விலைக்குக் கிடைப்பவை அதன் நகல்கள். நம் வேலைக்கு நகலே போதும். யு.எஸ்.பி., புளூடூத், வை-ஃபை என மூன்று வகை உண்டு. புதியவர்களுக்கு நான் யு.எஸ்.பி.யைத்தான் சொல்வேன். கேபிள் நீளம் குறைவு என்ற தொல்லையைத் தவிர வேறு பிரச்னை இல்லை. கூடவே ஒரு குட்டி சி.டி. வந்தால் அதில் உள்ள சாப்ட்வேரை வைரஸ் ஸ்கேன் செய்யாமல் தொடாதீர்கள். ஸ்கேன்மாஸ்டர் எல்ம், ஓ.பி.டி. ஆட்டோ டாக்டர் போன்றவற்றை அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்தே இறக்கிக் கொள்ளலாம்.

அடாப்டரை லேப்டாப்பில் செருகியதும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ் என்ற பிரிவில் பாருங்கள். காம் 3, காம் 5 என்று ஏதாவது ஒரு எண் புதிதாகத் தோன்றும். சாப்ட்வேரின் செட்டிங்ஸில் அதே எண்ணைக் கொடுங்கள். பாட் ரேட் கேட்டால் 38400. அதில் பேசவில்லை என்றால் 115200 கொடுத்துப் பாருங்கள். புளூடூத் வகை என்றால் பேர் செய்யும்போது 1234 அல்லது 0000 கேட்கும். பிறகு மறுமுனையைக் காரில் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, கனெக்ட் பட்டனைக் கிளிக் செய்யுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஆர்வம் உள்ளவர்களுக்காக ஒரு விளக்கம். சாப்ட்வேர் 01 14 என்று கேட்கும். முன் சென்சாரின் வோல்டேஜ் என்ன என்பது இதன் பொருள். காரிலிருந்து 41 14 90 80 என்று பதில் வரும். இதில் 90 என்பது ஹெக்ஸாடெசிமல் எண். நம் கணக்கில் 144. அதை 200-ஆல் வகுத்தால் 0.72 வோல்ட். அவ்வளவுதான், இதில் மந்திரம் ஏதுமில்லை.

கோடு சொல்வதும் சொல்லாததும்

இப்போது சித்தப்பா காருக்கு வருவோம். பி0171 என்றால் சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. "கலவையில் பெட்ரோல் போதவில்லை" என்று அர்த்தம். அப்படிப் புகார் சொன்னதே சென்சார்தான். புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே தள்ளிய கதை! சென்சாரையே நேரடியாகக் குறிக்கும் கோடுகள் வேறு. பி0130 முதல் பி0135 வரை முன் சென்சாருக்கு உரியவை. அவற்றில் பி0133 என்பதுதான் மந்தமான சென்சாரின் கோடு. பி0135 என்றால் ஹீட்டர் சர்க்யூட். இதற்குச் சென்சார் வாங்கும் முன் பியூஸைப் பாருங்கள். கனெக்டரைக் கழற்றி, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் அளந்து பார்க்கலாம். இவை பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும். சில ஓம்கள் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. சிக்னல் ஒயரில் மட்டும் ஓம் அளக்காதீர்கள், சென்சார் பாழாகும்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு சென்சார் உண்டு. அது துள்ளக் கூடாது. 0.6, 0.7 வோல்ட் என்று ஏறக்குறைய நேர்கோடாக நின்றால் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது. அதுவும் முன் சென்சாரைப் போலவே துள்ளினால் பழுது கன்வெர்ட்டரில்தான். பி0420 கோடு வருவது இதனால். பின் சென்சார் "அசையவே இல்லை" என்று அதை மாற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

கிராப் எடுக்கும் முறை

காரைப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, ஒருவர் ஆக்சிலரேட்டரை 2500 ஆர்.பி.எம்.மில் பிடிக்கட்டும். சாப்ட்வேரில் லைவ் டேட்டா பகுதிக்குச் சென்று பேங்க் 1 சென்சார் 1 வோல்டேஜ் என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பைலை சி.எஸ்.வி.யாகச் சேமித்து எக்செல்லில் திறந்து, இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட் போட்டால் அலை அலையாகக் கோடு வரும்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். சித்தப்பா காரில் முதல் தடவை லிஸ்ட்டில் இருந்த பதினான்கு அளவுகளையும் டிக் செய்துவிட்டேன். கிராப்பில் அலை மிக மெதுவாக, பத்து வினாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கியது. புது சென்சார் இவ்வளவு மந்தமா? யோசித்தபோதுதான் விளங்கியது. என் அடாப்டர் வினாடிக்குப் பத்துப் பதினைந்து கேள்விகள்தான் கேட்க முடியும். பதினான்கு அளவுகளுக்கு அதைப் பங்கு போட்டால் சென்சாருக்கு வினாடிக்கு ஒரு வாசிப்புதான் கிடைக்கிறது. இடையில் நடந்த துள்ளல்கள் பதிவாகவே இல்லை. சென்சாரைத் தவிர எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு மறுபடி பதிவு செய்தேன். பத்து வினாடியில் பதினோரு முறை துள்ளியது! ஆகவே ஒரே ஒரு அளவை மட்டும் டிக் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

2500 ஆர்.பி.எம்.மில் பத்து வினாடிக்கு எட்டு முறைக்குக் குறையாமல் என்பது சில சர்வீஸ் மேனுவல்களில் வரும் கணக்கு. அலையின் உச்சி 0.8-க்கு மேலும், அடி 0.2-க்குக் கீழும் தொட வேண்டும். அடுத்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்து விடச் சொல்லுங்கள். மிதித்ததும் கோடு செங்குத்தாக மேலே போக வேண்டும், விட்டதும் தரையைத் தொட வேண்டும். மலை ஏறுவது போலச் சரிவாக ஏறினால் சென்சாருக்கு வயதாகிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. புதிய கார்கள் பலவற்றில் முன்னால் இருப்பது வைட்பேண்ட் என்ற வேறு வகைச் சென்சார். அது துள்ளாது. சாப்ட்வேரில் வோல்டேஜுக்குப் பதில் லேம்டா, மில்லி ஆம்பியர் என்று காட்டினால் இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

சித்தப்பா காரில் சென்சார் நன்றாக இருக்கிறது என்றால் பெட்ரோல் போதாதது ஏன்? இதற்கு லாங் டேர்ம் பியூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். ஈ.சி.யூ. வழக்கத்தை விட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் தெளிக்கிறது என்பதை இது காட்டும். ஐடிலில் 22 சதவீதம் கூடுதல். 2500 ஆர்.பி.எம்.மில் வெறும் 6. வேகம் கூடும்போது குறைகிறது என்றால் எங்கோ ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐடிலில் என்ஜின் இழுப்பதே கொஞ்சம் காற்று என்பதால் அந்தத் திருட்டுக் காற்று பெரிதாகத் தெரிகிறது. பானெட்டைத் திறந்து ஒவ்வொரு வாக்யூம் ஹோஸையும் வளைத்துப் பார்த்ததில், ஒன்றில் முடி கனத்துக்கு விரிசல். புது ஹோஸ் 120 ரூபாய். கழற்றிய பழைய சென்சார் டிக்கியில் பேப்பரில் சுற்றிக் கிடந்தது. ஆசைக்கு அதை ஒருமுறை மாட்டிப் பார்த்தோம். பத்து வினாடியில் பத்து முறை. பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

விரிசல் விட்ட ஹோஸ் மட்டுமல்ல, சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் கசிவு இருந்தாலும், ஒரு ஸ்பார்க் பிளக் சரியாக எரியாவிட்டாலும் புகையில் ஆக்சிஜன் கூடி இதே கோடு வரலாம். இன்னொரு புதுக் காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் நம் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனால் எரிய ஒரு கிராமுக்கு 9 கிராம் காற்றே போதும் என்பதால், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு அளவு வைத்த பழைய கார், முன்பை விட ஏழெட்டு சதவீதம் கூடுதலாகத் தெளிக்க வேண்டியிருக்கும். அந்த அளவு ட்ரிம் கண்டு பயப்பட வேண்டாம்.

மாற்றும் வேலை

சித்தப்பா காரைப் பார்த்த சூட்டில் என் காரிலும் கேபிளைச் செருகினேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2013 மாடல், 1,08,000 கி.மீ. ஓடியது. விளக்கு எரியவில்லை, கோடும் இல்லை. மைலேஜ் மட்டும் 16-லிருந்து 13-க்கு வந்திருந்தது, டிராபிக் என்று நினைத்திருந்தேன். கிராப்பில் அலை 0.3-க்கும் 0.65-க்கும் நடுவே அசைந்தது. பத்து வினாடிக்கு நாலே முறை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் மேலே போக ஒரு வினாடிக்கு மேல் ஆனது. கசிவு ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே சென்சார் வாங்கினேன்.

வாங்கும்போது பழையதன் பார்ட் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். கனெக்டர் அப்படியே பொருந்துவதாக இருக்கட்டும். ஒயரை வெட்டி ஒட்டும் யுனிவர்சல் வகை வேண்டாம். பல சென்சார்களில் வெளிக்காற்று ஒயரின் உள்ளே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் போகிறது. சால்டர் வைத்தாலோ கனெக்டரில் கிரீஸ் அப்பினாலோ அந்த வழி அடைபடும்.

கழற்ற 22 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். ஒயர் வெளியே வர ஒரு பக்கம் பிளவு உள்ள சென்சார் சாக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருந்தால் மரை இறுகிக் கிடக்கும், சூடாக இருந்தால் கை வெந்துவிடும். லேசான சூட்டில், முந்தின இரவே துருநீக்கும் எண்ணெய் தெளித்துவிட்டுச் செய்யுங்கள். எனக்கு அரை மணி நேரம் போராட்டம். கடைசியில் பக்கத்துத் தெரு மெக்கானிக்தான் ஸ்பேனரின் மேல் ஒரு பைப்பைச் செருகி ஒரே இழுப்பில் கழற்றினார். மரை வழுக்கினால் மேனிபோல்டுக்கே செலவு வரும் என்பதால், அசைய மறுத்தால் பிடிவாதம் பிடிக்காமல் அவரைப் போன்றவரிடம் கொடுத்துவிடுவதே மேல்.

கழற்றிய சென்சாரின் நுனியைப் பாருங்கள். கறுப்புக் கரி என்றால் என்ஜின் அதிகப் பெட்ரோலில் ஓடியிருக்கிறது. வெள்ளை மாவு போல் இருந்தால் சிலிக்கானைச் சந்தேகிக்கலாம். என்னுடையதில் வெள்ளை. வால்வு கவரைச் சுற்றிப் பழைய சொந்தக்காரர் காலத்தில் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகம் அதன் மேல்தான். கரியோ கூலன்ட் கசிவோ இருந்தால் அதைச் சரி செய்யாமல் புதியதை மாட்டினால் அதற்கும் சீக்கிரமே அதே கதிதான்.

புதிய சென்சாரைக் கீழே போடாதீர்கள், உள்ளே இருப்பது பீங்கான். மரையில் பெரும்பாலும் ஏற்கெனவே பேஸ்ட் பூசி வரும். இல்லாவிட்டால் ஆக்சிஜன் சென்சாருக்கு உரிய ஆன்டி சீஸ் பேஸ்ட்டை மரையில் மட்டும் தடவுங்கள், நுனியில் படக் கூடாது. முதலில் கையாலேயே திருகி, மரை நேராக ஏறுகிறதா என்று பார்த்த பிறகு ஸ்பேனர் போடுங்கள். ஒயரைப் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். சைலன்சரில் உரசினால் உருகிவிடும்.

பிறகு சாப்ட்வேரில் கோடு ஏதும் இருந்தால் எழுதி வைத்துக் கொண்டு கிளியர் கொடுங்கள். கிளியர் செய்ததும் ஈ.சி.யூ.வின் ரெடினஸ் சோதனைகள் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சில நாட்கள் சாதாரணமாக ஓட்டினால் ஒவ்வொன்றாக முடியும். அது வரை அடாப்டரைக் காரிலேயே விட்டுவிடாதீர்கள். சாவி எடுத்த பிறகும் அந்தப் போர்ட்டுக்கு பேட்டரியிலிருந்து கரண்ட் வந்து கொண்டே இருக்கும்.

என் காரில் இப்போது பத்து வினாடிக்குப் பன்னிரண்டு முறை. மைலேஜ் 16 வரவில்லை, பதினைந்தரையில் நிற்கிறது. அன்று எடுத்த கிராப் பைலுக்கு தேதியையும் ஓடிய கி.மீ.யையும் பெயராக வைத்து லேப்டாப்பில் தனி போல்டரில் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு சர்வீஸ் முடிந்ததும் ஒரு பைல் சேர்கிறது. சித்தப்பா தன் காருக்கும் அதே போல்டரில் இடம் கேட்டிருக்கிறார்.